தனித் தம்ளர்: காவிரி டெல்டாவில் எச்.ஐ.வி. அச்சம் வந்த வழி

குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஒரு வயலின் வரப்பில் நின்றபோது, சேற்றிலிருந்து கரையேறிய ஓர் அம்மாள் கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டையைச் சுண்ணாம்பு தடவி உதிர்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இது இன்னொருத்தங்க காலக் கடிச்சிட்டுத்தானே தம்பி வந்திருக்கும்? அவங்களுக்கு அந்த வியாதி இருந்தா நமக்கும் வந்துடாதா?" அந்த வியாதி என்று அவர் குறிப்பிட்டது எச்.ஐ.வி.யை. பெயரைச் சொல்லாமலேயே அது எந்த வியாதி என்று சுற்றி நின்ற அனைவருக்கும் புரிந்தது.

இதே கேள்வி டெல்டா முழுவதும் வெவ்வேறு உருவில் உலவுகிறது. ஊரே குளிக்கும் படித்துறையில் குளித்தால் வருமா, தேநீர்க் கடையில் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கும் கண்ணாடித் தம்ளரால் வருமா, கொசு கடித்தால் வருமா, வைத்தீஸ்வரன் கோயிலில் குழந்தைக்கு மொட்டை போடும் கத்தியால் வருமா, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரின் விரலில் காயம் இருந்தால் வருமா என்றெல்லாம் கேட்கிறார்கள். இவற்றில் கத்தியைப் பற்றிய கேள்வி ஒன்றைத் தவிர மற்ற எதிலும் இந்த வைரஸுக்கு வழியே இல்லை. கத்தியிலும் எச்.ஐ.வி.யைவிட வேறொரு வைரஸைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இந்தக் கேள்விகளை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படி ஒதுக்கமாட்டேன். தண்ணீரும் கொசுவும் பாத்திரமும் நோயைக் கொண்டுவரும் என்பதை இந்த மண்ணின் மக்கள் யாரோ சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கும்பகோணமும் அதைச் சுற்றிய ஊர்களும் யானைக்கால் நோய்க்குப் பெயர்போனவை. தேங்கிய சாக்கடையில் பெருகும் கொசு ஒருவரின் இரத்தத்திலிருந்து நுண்புழுவை எடுத்து மற்றொருவரின் உடலுக்குள் கொண்டுசேர்க்கும். அந்தப் புழு இரவில்தான் இரத்த ஓட்டத்தில் அதிகம் தென்படும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் கதவைத் தட்டி விரலில் குத்தி இரத்தம் எடுத்ததும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து டி.இ.சி. மாத்திரை கொடுத்ததும் இங்கே நாற்பதைக் கடந்த பலருக்கு நினைவிருக்கும். ஒருவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்தால் நோய் வரும் என்பது அவர்களைப் பொறுத்தவரை பாடப்புத்தகச் செய்தி அன்று, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கால்.

வாந்திபேதி தண்ணீரில் வந்தது. ஆற்றோரமாக ஒரு ஊரில் தொடங்கினால் கீழே உள்ள ஊர்களுக்கும் இறங்கியது. அம்மை வந்த வீட்டின் வாசலில் வேப்பிலை செருகினார்கள்; தலைக்குத் தண்ணீர் விடும்வரை வெளியார் உள்ளே போகமாட்டார்கள். காசநோய் கண்டவருக்குத் தட்டும் தம்ளரும் தனியாகப் பிரித்தார்கள். காசநோய் காற்றில் பரவுவது என்பதால் அந்தத் தனித் தம்ளரால் ஒரு பயனும் இருக்கவில்லை. ஆனால் தம்ளரைப் பிரிப்பதுதான் எச்சரிக்கை என்ற பழக்கம் மட்டும் வீடுகளில் நிலைத்துவிட்டது. தொட்டாலும் உடன் இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும் நோயைத் தமிழில் ஒட்டுவாரொட்டி என்கிறோம். சொறி, சிரங்கு, கண்வலி எல்லாம் அந்த வகை. எச்.ஐ.வி. என்ற பெயர் ஊருக்குள் வந்தபோது அதையும் மக்கள் ஏற்கெனவே தெரிந்த இந்த நோய்களின் பட்டியலில் சேர்த்து, அந்த நோய்கள் வந்த வழியிலேயே இதுவும் வரும் என்று காத்திருந்தார்கள். பிழை அங்கேதான் நேர்ந்தது. தொற்றக்கூடிய நோய் எல்லாம் ஒட்டுவாரொட்டி ஆகிவிடாது.

எச்.ஐ.வி. ஏன் அந்த வழிகளில் வர முடியாது என்பதைப் புரிந்துகொள்ள அதன் உடலமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவே உள்ள இந்த வைரஸுக்கு வெளிப்புறத்தில் மெல்லிய கொழுப்புறை ஒன்று இருக்கிறது. அந்த உறையில் பதிந்த புரதக் கொக்கிகளால்தான் அது நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி.டி.4 என்ற அடையாளம் கொண்ட செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. உயிருள்ள அந்த மனிதச் செல்லுக்கு வெளியே அதனால் பெருக முடியாது. உறை சிதைந்தால் கொக்கியும் போய்விடும், நுழையும் திறனும் போய்விடும். சோப்பு அந்த உறையைக் கரைக்கிறது, சூடு அழிக்கிறது, உலர்தலும் அழிக்கிறது. ஆய்வகத்தில் வேண்டுமென்றே மிக அதிக அளவில் வைரஸைச் சேர்த்து உலரவிட்டுப் பார்த்தபோதே, சில மணி நேரத்தில் 90 முதல் 99 விழுக்காடு வரை செயலிழந்தது. இயல்பான இரத்தத் துளியில் இருப்பது அதைவிட மிகக் குறைவு.

தொற்று நிகழ மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். வைரஸ் போதிய அளவில் இருக்கும் திரவமாக இருக்க வேண்டும். அது கணிசமான அளவில் வர வேண்டும். இரத்த ஓட்டத்துக்கோ உடலின் உட்புற மென்படலத்துக்கோ நேராகப் போய்ச் சேர வேண்டும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து கடைமடை வயலுக்கு வந்து சேர வேண்டுமானால் இடையில் உள்ள ஒவ்வொரு மதகும் திறந்திருக்க வேண்டும் என்பது டெல்டா விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மதகு மூடியிருந்தாலும் வயல் காய்ந்துதான் கிடக்கும். இரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் திரவம், பெண்ணுறுப்புத் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால் ஆகியவை மட்டுமே வைரஸைப் போதிய அளவில் சுமக்கும் திரவங்கள். வியர்வை, கண்ணீர், எச்சில், சிறுநீர் ஆகியவற்றில் இரத்தம் கலந்திராதவரை முதல் மதகே மூடிக் கிடக்கிறது. எச்சிலில் வைரஸைத் தடுக்கும் புரதங்களும் உள்ளன. எனவே ஒரே தம்ளரில் எச்சில்பட்டுக் குடித்தாலும், ஒரே இலையில் சாப்பிட்டாலும், கைகுலுக்கினாலும், கட்டிப்பிடித்தாலும், பக்கத்தில் படுத்து உறங்கினாலும், காய்ச்சலில் கிடப்பவரின் வியர்வையைத் துடைத்துவிட்டாலும் எதுவும் நேராது.

கொசுவின் கதை இன்னும் தெளிவானது. கொசு ஒரு குழாயால் இரத்தத்தை உறிஞ்சுகிறது. வேறொரு குழாயால் தன் உமிழ்நீரை உள்ளே செலுத்துகிறது. முன்பு குடித்த இரத்தத்தை அது அடுத்தவருக்குள் ஏற்றுவதில்லை. யானைக்கால் புழு கொசுவின் உடலுக்குள் வளர்ச்சியடைகிறது. மலேரியாக் கிருமியும் டெங்கு வைரஸும் கொசுவின் உடலுக்குள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிவரை சென்று காத்திருக்கின்றன. எச்.ஐ.வி. பற்றிக்கொள்வதற்கு வேண்டிய செல் கொசுவிடம் இல்லாததால், அது குடித்த இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகிறது. இந்த விளக்கத்தை நம்பாதவர் தன் ஊரையே பார்த்துக்கொள்ளலாம். டெல்டாவில் கொசு கடிக்காத குழந்தை இல்லை, கிழவர் இல்லை. கொசுவால் எச்.ஐ.வி. பரவுமானால் பள்ளிப் பிள்ளைகளிடமும் எழுபது வயதுக்காரர்களிடமும் அது எல்லோருக்கும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். உலகில் எங்கும் அப்படிப் பரவவில்லை. பாலுறவு கொள்ளும் வயதினரிடமும், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளிடமும், ஊசியைப் பகிர்ந்துகொள்வோரிடமும், பரிசோதிக்கப்படாத இரத்தம் ஏற்றப்பட்டோரிடமும்தான் அது இருக்கிறது.

அட்டைக்கு வருகிறேன். வயிறு நிறைய இரத்தம் குடித்த அட்டை தானாக உதிர்ந்துவிடும். அதன் பிறகு பல வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில், அதற்கு வேறு இரத்தம் தேவைப்படாது. ஒருத்தி காலிலிருந்து உதிர்ந்த கையோடு அடுத்தவள் காலுக்கு ஏறுவது அதன் இயல்பன்று. அட்டைக் கடியால் எச்.ஐ.வி. பரவியதாக ஒரு நிகழ்வுகூட அறியப்படவில்லை. ஆனால் அந்த அம்மாள் செய்த ஒரு காரியத்தைத் திருத்த வேண்டியிருந்தது. சுண்ணாம்போ உப்போ பட்டால் அட்டை தன் குடலில் உள்ளதைக் கடிவாயிலேயே கக்கக்கூடும். அட்டையின் குடலில் வாழும் பாக்டீரியா அதனால் புண்ணில் சேர்ந்து சீழ்பிடிக்க வாய்ப்புண்டு. நகத்தால் அதன் வாய்ப்பகுதியை மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுவதே சரியான முறை. பயப்பட வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் பயந்துகொண்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆற்றிலும் குளத்திலும் குளிப்பது, பொதுக் கழிப்பறை, துணி துவைப்பது ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை; இவற்றால் யாருக்கும் தொற்றியதில்லை. உணவைப் பற்றி மட்டும் ஒரு சொல். வெங்காயம் நறுக்கும்போது சமையல்காரரின் விரல் வெட்டுப்பட்டு ஒரு துளி இரத்தம் விழுந்திருந்தாலும், அடுப்பின் சூடும் அதையும் தப்பி வந்தால் நம் வயிற்றின் அமிலமும் வைரஸை அழித்துவிடும். உணவின் வழியே தொற்றியதாக மருத்துவ உலகம் பதிவு செய்துள்ளது ஒரேயொரு சூழலைத்தான்: சிகிச்சை எடுக்காத, ஈறில் இரத்தம் கசிந்த ஒருவர் தன் வாயில் மென்ற உணவைக் கைக்குழந்தைக்கு ஊட்டியது. அதுவும் மிக அரிது. மென்று ஊட்டும் பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும், வேறு பல கிருமிகளுக்காகவும் அதை விட்டுவிடுவது நல்லது.

இவையெல்லாம் ஆய்வகத்தில் அமர்ந்து ஊகித்துச் சொன்னவை அல்ல. நோய் கண்டறியப்பட்ட தொடக்க ஆண்டுகளிலேயே, மருந்து எதுவும் இல்லாத காலத்தில், நியூயார்க்கில் எய்ட்ஸ் (எச்.ஐ.வி. தொற்று முற்றிய நிலை) நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 101 பேரை மருத்துவர்கள் பரிசோதித்து 1986-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பலர் நெருக்கடியான வீடுகளில் ஒரே தட்டையும் தம்ளரையும் துண்டையும் கட்டிலையும் குளியலறையையும் நோயாளிகளோடு பகிர்ந்தவர்கள். தொற்று இருந்தது ஒரே ஒரு குழந்தைக்கு; அதுவும் பிறப்பின்போது தாயிடமிருந்து வந்திருக்கக்கூடியது. கூடி வாழ்ந்ததால் தொற்றியவர் ஒருவரும் இல்லை. அதே 1986-இல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அன்றுமுதல் இன்றுவரை இந்நாட்டில் பல லட்சம் குடும்பங்கள் தொற்றுள்ளவரோடு ஒரே கூரையின் கீழ்ச் சமைத்து, உண்டு, உறங்கி வாழ்ந்திருக்கின்றன. அந்த வீடுகளைவிடப் பெரிய சோதனைக்கூடம் வேறு ஏது?

இனி கத்தி. இரத்தம் பட்ட கூர்மையான பொருளை ஒருவர்மேல் ஒருவராகப் பயன்படுத்துவது எந்தக் காலத்திலும் தவறுதான். மருத்துவமனையில் தொற்றுள்ளவரின் இரத்தம் தோய்ந்த ஊசி ஒரு செவிலியரின் கையில் குத்திவிட்டால், சிகிச்சை இல்லாத நிலையில், அவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 1,000-க்குச் சுமார் 3 மட்டுமே. உள்ளே இரத்தம் நிற்கும் துளையுள்ள ஊசிக்கே கணக்கு இவ்வளவுதான் என்றால், முடிதிருத்தகத்து பிளேடின் விளிம்புக்கு அது எவ்வளவோ குறைவு. ஆனால் தடுப்பூசி போடாதவருக்கு அதே ஊசிக் குத்தலில் மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. அந்த வைரஸ் உடலுக்கு வெளியே உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனோடு இருக்கும். எனவே மொட்டை போடும்போது கண்முன்னே புது பிளேடு மாற்றச் சொல்வதும், காதணி விழாவில் புதிய அல்லது முறையாகக் கிருமிநீக்கம் செய்த ஊசியைக் கேட்பதும், நேர்த்திக்கடனுக்கு அலகு குத்துவோர் ஆளுக்கொரு அலகு வைத்துக்கொள்வதும், பச்சை குத்தும்போது ஊசியும் மையும் புதிதா என்று பார்ப்பதும் அவசியமான பழக்கங்கள். குழந்தைக்கு அரசு இலவசமாகப் போடும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தவறவிடாமல் இருப்பது அவை எல்லாவற்றையும்விட அவசியம். அறுப்பில் கருக்கரிவாள் கையை அறுத்துவிட்டால், காயத்தையும் அரிவாளையும் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

உண்மையான வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஆணுறை இல்லாத பாலுறவு, பகிர்ந்துகொண்ட ஊசி, பரிசோதிக்கப்படாத இரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு. இந்தியாவில் இரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. பரிசோதனை 1989 முதல் கட்டாயம். இரத்ததானம் செய்வதால் தொற்றாது. அதற்கு ஒவ்வொருவருக்கும் புதிய ஊசியும் பையும் பயன்படுத்தப்படுகின்றன. உண்மையாகவே ஆபத்தான தொடர்பு நேர்ந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள், கூடுமானால் முதல் சில மணி நேரத்திலேயே, அரசு மருத்துவமனைக்குச் சென்று 28 நாட்கள் உட்கொள்ளும் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். வெட்கப்பட்டு மூன்று நாட்களைக் கடத்திவிடுகிறவர்கள் இங்கே ஏராளம்.

வெட்கம் என்று எழுதியபோதுதான் இந்த அச்சத்தின் மறுபாதி வெளிவருகிறது. 1990-களில் சுவர்களில் மண்டை ஓட்டை வரைந்து, எய்ட்ஸ் ஓர் உயிர்க்கொல்லி நோய் என்று எழுதினார்கள். 2000-களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் தமிழ்நாட்டையே பேசவைத்தது. வாய்விட்டுப் பேச முடியாத ஒன்றைப் பேசவைத்ததில் அந்த விளம்பரத்துக்குப் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பிரச்சாரத்திலிருந்து மக்கள் மனத்தில் தங்கியது இரண்டு செய்திகள்: இது வந்தால் சாவு, இது ஒழுக்கம் கெட்டவருக்கு வரும். இந்த இரண்டும் சேர்ந்தபோது நோய் ஒரு கிருமி என்ற நிலையிலிருந்து நழுவித் தீட்டாக மாறியது. தீட்டு என்பதுதான் தொட்டால் ஒட்டுவது.

டெல்டாவில் தனித் தம்ளருக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தேநீர்க் கடையின் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்த தனிக் குவளையை யாருக்காக வைத்திருந்தார்கள் என்பது இந்தப் பகுதியில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்தக் குவளை எந்தக் கிருமியையும் தடுக்கவில்லை. ஒரு மனிதரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது. கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்து, தானும் தொற்றோடு வாழும் ஓரகத்திக்கு அடுக்களையின் மூலையில் ஒரு தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி, அவள் கையால் குழந்தைக்குச் சோறூட்டக் கூடாது என்று விலக்கும்போது, அந்தப் பழைய குவளைதான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அறிவியல் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாம் தீண்டாமையைப் பேசுகிறோம் என்பதே என் உறுதியான கருத்து. கர்ப்பகாலப் பரிசோதனையில் முதலில் தெரியவருவது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் என்பதால், தொற்று யாரிடமிருந்து வந்தாலும் பழி அவள் தலையில் விழுவதும் இதே கணக்கில்தான்.

அட்டையைப் பற்றிக் கேட்ட அம்மாளின் கேள்விக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருந்தார். பேச்சு நீண்டபோது அது தெரிந்தது. அதே நடவுக் குழுவில் இருந்த ஒரு பெண்ணை, அவருக்கு வியாதி இருப்பதாக யாரோ சொன்ன நாள்முதல், வரிசையின் கடைசியில் நிற்கவிட்டிருந்தார்கள். வயலுக்கு வரும் சொம்பிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்துவிடுகிறார். யாரும் அவரை வேலைக்கு வராதே என்று சொல்லவில்லை, யாரும் திட்டவில்லை. அட்டைதான் அவரைத் தள்ளி நிறுத்தியது.

இத்தகைய ஒதுக்கலுக்கு எதிராக நாடாளுமன்றம் 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது. அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு, பொது வசதிகள் ஆகியவற்றில் தொற்றைக் காரணம் காட்டி ஒருவரை வேறுபடுத்துவதை அது தடை செய்கிறது. ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை செய்யவோ, அவருடைய நிலையை வெளியே சொல்லவோ கூடாது. வெறுப்பைப் பரப்புவோருக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். தொற்றுள்ள குழந்தைக்குக் குடும்ப வீட்டில் வசிக்கவும் அந்த வீட்டின் வசதிகளைப் பயன்படுத்தவும் உரிமை உண்டு என்றும் சட்டம் சொல்கிறது. தட்டும் தம்ளரும் அந்த வசதிகளில் அடங்கும் என்றே நான் படிக்கிறேன்.

சிகிச்சையின் நிலையைத் தெரிந்துகொண்டால் அச்சத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். இந்தியாவில் அரசின் இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. இன்று பெரும்பாலானோருக்கு மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒருமுறை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் அது கிடைக்கிறது. ஒழுங்காக மாத்திரை எடுப்பவரின் இரத்தத்தில் வைரஸின் எண்ணிக்கை, பரிசோதனைக் கருவியில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவின் மூலமும் தொற்று பரவாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வின் 2019-ஆம் ஆண்டு முடிவில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஆண் இணையர்களிடையே ஆணுறை இல்லாமல் நடந்த சுமார் 76,000 உறவுகளில் ஒரு தொற்றுகூட நிகழவில்லை. தாய் முறையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் குழந்தைக்குத் தொற்றாமல் தடுத்துவிடவும் முடிகிறது. உடலோடு உடல் கலக்கும் நெருக்கத்திலேயே கடக்காத வைரஸ், எவர்சில்வர் தம்ளரின் விளிம்பில் எப்படிக் கடக்கும்?

இவ்வளவையும் படித்து, புரிந்து, ஏற்றுக்கொண்ட பிறகும் பயம் விலகாத சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனெனில் அவர்களிடம் தகவல் இல்லாமல் இல்லை. பேருந்து இருக்கையில் ஏதோ குத்தியது, சலூனில் கன்னம் கீறியது, கடைக்காரர் கொடுத்த ரூபாய்த் தாளில் சிவப்பாக ஒரு கறை இருந்தது என்று ஒரு சிறு நிகழ்வில் அது தொடங்கும். இரவெல்லாம் கைப்பேசியில் அறிகுறிகளைத் தேடுவார்கள். கண்ணாடிமுன் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பார்கள். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று நாளுக்கு இருபது முறை அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்தி அழுத்தியே அந்த இடம் வலிக்கும். வலியை நோயின் சான்றாக எடுத்துக்கொள்வார்கள். பயத்தால் சோறு இறங்காது, எடை குறையும். எடை குறைந்ததும் எய்ட்ஸ்தான் என்று முடிவு செய்வார்கள். பதற்றத்தின் அறிகுறிகளும் அவர்கள் பயப்படும் நோயின் அறிகுறிகளும் மேலோட்டத்தில் ஒன்றுபோலவே தோன்றுவதுதான் இதில் உள்ள கொடுமை.

பரிசோதித்துப் பார்ப்பார்கள், தொற்று இல்லை என்று வரும். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள், சீக்கிரம் பரிசோதித்துவிட்டோமோ என்ற ஐயம். தொற்று நுழைந்த பிறகு பரிசோதனையில் தெரியவரச் சிறிது காலம் பிடிக்கும் என்பது உண்மை. புதிய தலைமுறை ஆய்வகப் பரிசோதனை பொதுவாக 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டிவிடும். விரலில் குத்திச் செய்யும் பரிசோதனைக்கு 90 நாட்கள்வரை ஆகலாம். உண்மையான ஆபத்து நேர்ந்தவர் மூன்று மாதம் முடிந்து பரிசோதித்து இல்லை என்று வந்தால், அந்த நிகழ்வைப் பொறுத்தவரை அது இறுதி விடை. ஆபத்தே நேராதவருக்கு முதல் பரிசோதனையே தேவையில்லை. ஆனாலும் அவர்கள் ஊர் மாற்றி, ஆய்வகம் மாற்றி, பெயர் மாற்றிப் பரிசோதித்துக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு பரிசோதனையும், ஒவ்வொரு தேடலும், "எனக்கு ஒன்றுமில்லைதானே?" என்று நண்பரிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்த நேரத்துப் பதற்றத்தைத் தணிக்கிறது, அதே வேளையில், தணிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருந்தது என்று மூளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. சுழல் இப்படித்தான் இறுகுகிறது. மனநல மருத்துவத்தில் இதை நோய்ப் பதற்றம் என்றும், கழுவுதலும் தவிர்த்தலும் சேர்ந்து நாளின் பெரும்பகுதியைத் தின்னும்போது எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) என்றும் அடையாளம் காண்கிறார்கள்.

பலருக்கு இந்தப் பயத்தின் அடியில் ஒரு குற்ற உணர்வு இருக்கும். எப்போதோ நடந்த ஓர் உறவு, வீட்டுக்குத் தெரியாத ஒரு பழக்கம், சில நேரம் நடக்காமல் நினைத்து மட்டும் பார்த்த ஒன்று. அதைச் சொல்ல இடமில்லாதபோது அது தம்ளரின் மேலும் பிளேடின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எனவே அவர்களிடம் வைரஸின் இயல்பை நாற்பதாவது முறையாக விளக்குவதால் பயனில்லை.

பயன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. பயப்படும் காரியத்தைப் படிப்படியாகச் செய்யவைத்து, உடனே கழுவவோ சரிபார்க்கவோ தேடவோ விடாமல், பதற்றம் தானாக ஏறித் தானாக இறங்குவதை அவரே உணரச் செய்யும் உளவியல் சிகிச்சை முதன்மையானது. பொதுக்கடையில் தேநீர் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் வீட்டுக்கு வருவதே சிலருக்கு முதல் வாரப் பயிற்சியாக இருக்கும். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் இதற்குக் கட்டணம் இல்லை. 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். எச்.ஐ.வி. பற்றிய ஐயத்துக்கு 1097 என்ற எண்ணும், பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையமும் இருக்கின்றன. அங்கே பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாக அமர்ந்து பேசுவார், விவரம் வெளியே போகாது.

இப்படிப்பட்ட ஒருவர் வீட்டில் இருந்தால், அவர் கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்று உறுதி சொல்வதும் கூடாது, கேலி செய்வதும் கூடாது. "இந்தக் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்லியாச்சு, இப்ப உனக்குப் பயமா இருக்குன்னு எனக்குப் புரியுது, வா, கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வரலாம்" என்று சொல்லி உடன் இருப்பதே ஆலோசகர்கள் குடும்பத்தாருக்குக் கற்றுத்தரும் முறை. முதல் சில நாட்கள் அவர் கோபப்படுவார், கேள்வி இன்னும் அதிகமாக வரும். மருந்து தொடங்கியிருந்தால் அது வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். குணம் தெரியவில்லை என்று இடையில் நிறுத்திவிடாமல், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும் தேதிவரை கூடவே இருக்க வேண்டும்.